விவரக் குறிப்புகளை நீக்காதீர்கள்: படக் காப்பக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

லட்சக்கணக்கான படங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பகங்களும் நூலகங்களும் செய்திப் படப் பிரிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முடிவை எடுத்து வருகின்றன. தேடல் பக்கத்தில் இருந்த படமெடுத்தவர் பெயர், இடம், காலம், ஆல்பம் எண், பொருள் தலைப்பு ஆகிய கட்டங்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியை வைக்கிறீர்கள். அதில் என்ன எழுதினாலும் இயந்திரம் படத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடும் என்கிறீர்கள். புதிதாக வந்து சேரும் படங்களுக்கு ஆள் வைத்து விவரம் எழுதும் வேலையை நிறுத்துகிறீர்கள். பழைய விவரத் தரவுத்தளத்தைப் பராமரிப்பதும் வீண் செலவு என்ற பேச்சு வந்துவிட்டது.

இந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். எங்களில் பாதிப் பேர் படங்களுக்கு விவரம் எழுதுபவர்கள். மீதிப் பேர் படத் தேடல் மென்பொருள் கட்டுபவர்கள். ஆகவே இதை இயந்திரத்துக்கு எதிரான முறையீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உருவத்தை வைத்துத் தேடுவது நேற்று வந்த விஷயமில்லை. 1990களிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் கியூபிஐசி அமைப்பு நிறம், வடிவம், இழையமைப்பு ஆகியவற்றைக் கொண்டு படம் தேடிக் காட்டியது. சூரிய அஸ்தமனத்தைக் கொடுத்தால் ஆரஞ்சுப் பழக் கூடையும் சேர்ந்து வரும். இயந்திரம் கணக்கிடுவதற்கும் மனிதர் கேட்பதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை 2000ஆம் ஆண்டில் ஸ்மியூல்டர்ஸ் குழுவினரின் ஆய்வுத் தொகுப்பு விரிவாகப் பேசியது. பிறகு 2004இல் முழு வடிவம் பெற்ற, படத்தின் தனித்த இடங்களை அடையாளம் காணும் சிஃப்ட் புள்ளிகள், 2012இல் படங்களை வகைப்படுத்தும் இமேஜ்நெட் போட்டியில் வென்ற ஆழ்நரம்பு வலை, 2021இல் 40 கோடிப் பட-வாசக இணைகளில் பயின்று வந்த, படத்தையும் வாசகத்தையும் ஒப்பிடும் க்ளிப் என்று அந்த இடைவெளி உண்மையாகவே குறைந்திருக்கிறது. குறிப்பே இல்லாத படக் குவியலிலிருந்து 'மழையில் குடை பிடித்து நடக்கும் கூட்டம்' என்று கேட்டுப் படம் எடுப்பது முன்பு முடியாத காரியம். இன்று முடிகிறது. அதைக் கட்டியவர்கள் என்ற முறையில் அதன் பெருமை எங்களுக்குத் தெரியும். அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதும் தெரியும்.

காப்பகத்துக்கு வருபவர் என்ன கேட்கிறார் என்பதிலிருந்து பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் படத் தேடல் ஆய்வாளர் பீட்டர் என்சரும் உடனுழைத்தவரும் ஒரு பெரிய படக் களஞ்சியத்துக்கு வந்த கோரிக்கைகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பகுதி குறிப்பிட்ட ஒரு மனிதரை, ஒரு கட்டடத்தை, ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு வந்தவை. 'ஏதாவது ஒரு பாலம்' என்று கேட்பவர் குறைவு; 'இந்தப் பாலம், வெள்ளத்தில் இடிவதற்கு முன்' என்று கேட்பவரே அதிகம். அந்தப் பாலத்தின் பெயரும் வெள்ளம் வந்த ஆண்டும் படப்புள்ளிகளில் (பிக்சல்களில்) கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் கோட்டு அணிந்து உட்கார்ந்து காகிதத்தில் கையெழுத்திடும் படத்தை எந்த மாதிரியிடம் (படங்களில் பயின்ற கணினி நிரலிடம்) கொடுத்தாலும், ஆறு பேர் கையெழுத்திடுகிறார்கள் என்பதுவரைதான் வர முடியும். அது என்ன ஒப்பந்தம், அன்று கையெழுத்தானதா, செய்தியாளர்களுக்காக மறுநாள் மீண்டும் உட்கார வைத்து எடுத்ததா என்பதைப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தப் பென்சில் எழுத்தைப் படித்துப் பட்டியலில் ஏற்றியவர் சொல்ல வேண்டும்.

நூலகவியல் அறிஞர் சாரா ஷாட்ஃபோர்ட் 1986லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: படத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, படம் எதைப் பற்றியது என்பது வேறு. நீங்கள் நீக்கப் போகும் கட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. வெடித்துக் கிடக்கும் வயல் ஒன்றின் படம் பஞ்ச நிவாரணக் கணக்கெடுப்பில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம், மண் ஆய்வுக்காக எடுக்கப்பட்டதாக இருக்கலாம். உருவம் ஒன்றே; சான்றாக அதன் மதிப்பு வேறு வேறு.

இனி இயந்திரம் உங்கள் படத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை அருகில் வைத்துச் சொல்கிறோம். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் இதை யாரும் காட்டுவதில்லை.

6000 படப்புள்ளி அகலமும் 2000 உயரமும் கொண்ட ஒரு குழுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாட்டுப் பிரதிநிதிகள் நூறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். க்ளிப்பின் பரவலான வடிவங்கள் 224க்கு 224 அளவுள்ள சதுரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். வழக்கமான முன்தயாரிப்பு, படத்தின் சிறிய பக்கத்தை 224 ஆகச் சுருக்கும். 2000 என்பது 224 ஆனால் 6000 என்பது 672 ஆகும். பிறகு நடுவிலிருந்து 224 அகலத்தை மட்டும் வெட்டி எடுக்கும். இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கும் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கும் அப்போதே போய்விட்டன. எஞ்சிய நடுப்பகுதியில், மூலத்தில் 80 புள்ளி அகலமிருந்த முகம் 9 புள்ளியாகிறது. ஓரத்தில் பதாகை பிடித்து நின்றவர்கள் அந்தத் தேடலைப் பொறுத்தவரை படத்திலேயே இல்லை. இதற்குத் தீர்வு உண்டு. படத்தை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி வெக்டர் (அந்த உருவத்தைக் குறிக்கும் எண் வரிசை) கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே பட எண்ணோடு கட்டி வைக்க வேண்டும். அகலப் படத்துக்கு நான்கைந்து வெக்டர் தேவைப்படும். இண்டெக்ஸ், அதாவது வெக்டர்களைத் தேட வசதியாக அடுக்கிய பட்டியல், அந்த அளவுக்குப் பெருகும். மென்பொருளை வாங்கிய நாளன்று இருந்த அமைப்பை அப்படியே ஓடவிடுபவர்கள் இதைச் செய்வதில்லை.

அடுத்தது ஸ்கேன் கோப்புகள். காப்பக ஸ்கேனில் ஓரமாக நிறப் பட்டையும் அளவுகோலும் வைப்பது நல்ல வழக்கம். அந்தக் கோப்பை அப்படியே வெக்டராக மாற்றினால், நிறப் பட்டை வைத்து ஸ்கேன் செய்தவை எல்லாம் ஒரு குவியலாகச் சேர்ந்து நிற்கும். உள்ளே இருப்பது திருமணமா துறைமுகமா என்பது பின்னுக்குப் போய்விடும். 16 பிட் சாம்பல்நிற டிஃப் கோப்பை 8 பிட்டாக மாற்றும்போது மதிப்புகளைச் சரியாக வகுக்காமல் விட்டால் 8 பிட்டின் உச்சமான 255க்கு மேற்பட்டவை எல்லாம் வெட்டுப்பட்டுப் படம் வெறும் வெள்ளையாகிவிடும். அச்சு வேலைக்கான சிஎம்ஒய்கே ஜேபெக் சில நேரம் நிறம் தலைகீழாகத் திறக்கும். கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் விவரத்தின் திசைக் குறிப்பில் 1 முதல் 8 வரை மதிப்புகள் உண்டு. அதைப் படிக்காத நிரல் நெடுக்கில் எடுத்த படத்தைப் படுக்க வைத்தே கணக்கிடும். நெகட்டிவ்வை பாசிட்டிவ்வாக மாற்றாமலே கணக்கிட்ட தொகுப்புகளும் உண்டு.

இவை எதிலும் பிழைச் செய்தி வராது. வெள்ளைத் தாளுக்கும் 512 எண்கள் கிடைக்கும், இண்டெக்ஸில் ஏறும், தேடலில் கலந்துகொள்ளும். இத்தகைய கெட்ட வெக்டர்களில் சில, சம்பந்தமே இல்லாத நூறு கேள்விகளுக்கும் முதல் வரிசையில் வந்து நிற்பது வழக்கம். பல பரிமாண வெளியில் சில புள்ளிகள் எல்லாவற்றுக்கும் அண்டை வீடாகிவிடும் இந்த இயல்பு ஆய்வுலகம் நன்கு அறிந்தது. கண்டுபிடிக்க வழி எளிது: ஆயிரம் சோதனைக் கேள்விகளை ஓட்டி, எந்தப் படம் எத்தனை முறை முதல் பத்தில் வருகிறது என்று எண்ணி, அதிகம் வந்த ஐம்பதைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் காலிப் பக்கம், கறுத்த சட்டகம், ஆல்பம் அட்டை என்றே இருக்கும்.

கேள்வியின் பக்கமும் இதே நிலைதான். 'குதிரை பூட்டாத வண்டி' என்று கேட்டால் குதிரை வண்டிகளே வரும். இல்லை என்பதை இவ்வகை மாதிரிகள் சரிவரக் கணக்கில் எடுப்பதில்லை. யார் யாரைத் துரத்துகிறார், எது எதன்மேல் இருக்கிறது என்ற வரிசையும் நழுவும். ஒரே சொற்களை இடம் மாற்றி அமைத்த 400 சோதனைகள் கொண்ட வினோகிரவுண்ட் தொகுப்பு 2022இல் வந்தபோது, அன்றைய முன்னணி மாதிரிகள் குருட்டாம்போக்கில் விடை சொல்வதைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. படத்துக்குள் எழுத்து இருந்தால் அதன் இழுப்பு வேறு: ஆப்பிள் பழத்தின்மேல் 'ஐபாட்' என்று எழுதிய தாளை ஒட்டினால் க்ளிப் அதை ஐபாட் என்று சொன்னதை 2021இல் அதை உருவாக்கியவர்களே வெளியிட்டார்கள். சுவரொட்டியும் பெயர்ப்பலகையும் நிறைந்த செய்திப் படத் தொகுப்பில் இது எத்தனை இடத்தில் திசைதிருப்பும் என்று யோசியுங்கள்.

தமிழில் கேட்பவருக்கு இன்னொரு சுவரும் இருக்கிறது. க்ளிப்பின் வாசகப் பகுதிக்கு 77 துண்டுகள்தான் எல்லை. வாசகத்தைத் துண்டாக்கும் அதன் சொல்வெட்டி ஆங்கில வாசகங்களைக் கொண்டு அமைந்தது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், 'கோ' போன்ற உயிர்மெய்க்கு 6. ஆங்கிலத்தில் ஒரே துண்டாகப் போகும் சொல் இங்கே பல துண்டுகளாகச் சிதறும். கேள்வி சற்று நீண்டால் வால் அறுந்துவிடும். பல நிரல்களில் அறுந்தது என்று திரையில் ஒரு வார்த்தையும் வராது. பல மொழிகளில் பயின்ற மாதிரிகள் இப்போது இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்களா, அந்த மொழியில் கேள்வி வைத்துச் சோதித்தீர்களா என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: கேள்வியையும் வெக்டராக்கி அதற்கு அருகிலுள்ள படங்களைத் தரும் வெக்டர் தேடல் 'இல்லை' என்று சொல்லாது. கட்டங்களை வைத்துத் தேடிச் சுழியம் வந்தால், பட்டியலில் ஏற்றியவற்றுள் அது இல்லை என்று ஓர் ஆய்வாளர் எழுதிக்கொள்ள முடியும்; வேறு காப்பகத்துக்குப் போக முடியும். வெக்டர் தேடலோ எதைக் கேட்டாலும் அருகில் இருக்கும் ஐம்பதை வரிசைப்படுத்தித் தரும். இந்த எண்ணுக்குக் கீழே வந்தால் காட்டாதே என்று ஒரு வரம்பு வைக்கலாமே என்பார்கள். க்ளிப்பில் சரியாகப் பொருந்தும் வாசகத்துக்கும் படத்துக்குமான ஒப்புமை மதிப்பே பெரும்பாலும் 0.2க்கும் 0.35க்கும் நடுவில்தான் விழும். ஒரு கேள்விக்கு 0.24 மிகச் சரியான படம். இன்னொரு கேள்விக்கு 0.27 வெறும் குப்பை. எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஒற்றை வரம்பு கிடையாது. விளைவு, ஒரு நகரத்தின் பெயரைக் கேட்டவருக்கு அதைப் போலவே இருக்கும் வேறொரு நகரத்தின் தெரு கிடைக்கிறது; அவர் அதை அந்த நகரம் என்றே அச்சிடுகிறார். தவறான தலைப்போடு அச்சான படம் அடுத்த தொகுப்புக்குள் நுழையும்போது அந்தத் தவறே சான்றாகிவிடுகிறது.

கட்டங்களை எடுத்துவிட்டால் வெக்டர் தேடலும் பழுதாகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கோடிப் படம், படத்துக்கு 512 எண், எண்ணுக்கு 4 பைட் என்றால் ஏறத்தாழ 20.5 ஜிபி நினைவகம். ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாவற்றையும் ஒப்பிட நேரமாகும் என்பதால் எச்என்எஸ்டபிள்யூ போன்ற தோராய இண்டெக்ஸ் போடுகிறோம். இடம் பற்றாவிட்டால் 2011இல் ஜேகூ குழுவினர் விளக்கிய முறையில் வெக்டரை 64 பைட்டாகச் சுருக்கி 0.64 ஜிபியில் அடக்கலாம். துல்லியம் குறையும், முதல் சில நூறு விடைகளை முழு வெக்டரோடு மறுபடி ஒப்பிட்டு ஈடுகட்ட வேண்டும். இதுவரை சரி. இப்போது ஒருவர் '1930களின் சந்தைக் காட்சி' என்று கேட்கிறார். இண்டெக்ஸ் முதல் 100 சந்தைப் படங்களைத் தருகிறது. அதன்பின் காலத்தை வைத்து வடிகட்டுகிறோம். தொகுப்பில் 1930களின் படம் நூற்றில் ஒன்று என்றால் மிஞ்சுவது ஒன்றிரண்டு. ஆயிரம் படம் உள்ளே இருந்தும் பக்கம் ஏறக்குறைய காலியாக இருக்கும். சரியான வழி, முதலில் காலத்தால் வடிகட்டுவது. மிஞ்சுவது 50,000 படமோ அதற்குக் குறைவோ என்றால் தோராய இண்டெக்ஸைத் தொடாமல் அத்தனையையும் நேரடியாக ஒப்பிட்டுவிடுவது. 50,000 பெருக்கல் 512 என்றால் இரண்டரைக் கோடிச் சொச்சம் பெருக்கல்தான்; சாதாரணக் கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் இந்த வழிக்குக் காலம் என்ற கட்டம் வேண்டும். அதை யாராவது நிரப்பியிருக்க வேண்டும்.

காலக் கட்டத்தை இயந்திரமே கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்ற வாதமும் கேட்டாயிற்று. எக்ஸிஃப் 1995 முதல் இருக்கிறது. நேர மண்டலத்தை எழுத அதில் இடம் வந்ததே 2016இல்தான். ஸ்கேன் கோப்பில் அந்தத் தேதி ஸ்கேன் செய்த தேதி. 1926ஆம் ஆண்டுக் கண்ணாடித் தகடு 2014 என்று வரிசையில் நிற்கும். 'சுமார் 1920' என்று பழைய பட்டியலில் இருப்பதைப் புதிய அமைப்பு 1920 ஜனவரி 1 என்று மாற்றி ஏற்றினால், ஐயத்தோடு எழுதிய குறிப்பு உறுதியான பொய்யாகிவிடும். ஐயத்தை ஐயமாகவே எழுத, தேதி எழுதும் முறைக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 8601இன் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி வழி செய்திருக்கிறது: தோராயம் என்பதற்கு ஆண்டின் பின்னால் ஒரு அலைக் குறி, பத்தாண்டு மட்டுமே தெரிந்தால் கடைசி இலக்கத்துக்குப் பதில் ஒரு நிரப்பெழுத்து. இதை ஏற்றுக்கொள்ளாத மென்பொருளை வாங்காதீர்கள்.

இணையத்துக்குச் சிறிய பிரதி தயாரிக்கும்போது எக்ஸிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்று கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரத் தொகுதிகள் மூன்றையும் உரித்தெடுத்துவிடும் வழக்கமும் இந்த முடிவோடு சேர்ந்தே வந்திருக்கிறது. மிச்சமாவது படத்துக்குச் சில கிலோபைட். போவது படமெடுத்தவர் பெயரும் உரிமைக் குறிப்பும் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்ற அடையாளமும். கோப்பு உங்கள் தளத்தைவிட்டு ஒருமுறை வெளியே போய்விட்டால் அதை உங்களிடம் திருப்பிக்கொண்டு வரும் கயிறு அது ஒன்றுதான்.

ஒரே படத்தின் பல பிரதிகளை இயந்திரமே கண்டுபிடித்து அழிக்கும் வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் ஷா-256 அடையாள எண் பைட்டுக்குப் பைட் ஒன்றான கோப்புகளை மட்டும் பிடிக்கும். அதில் தவறு வராது. படத்தின் தோற்றத்திலிருந்து கணக்கிடும் உருவ ஹேஷ் அப்படியில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு முறை, படத்தைச் சாம்பல்நிறத்தில் 9க்கு 8 புள்ளியாகச் சுருக்கி, அடுத்தடுத்த புள்ளிகளில் எது வெளிச்சம் என்று பார்த்து 64 பிட்டாக எழுதும். இரு படங்களுக்கு நடுவே 10 பிட்டுக்குள் வேறுபாடு இருந்தால் ஒன்றே என்று கொள்வார்கள். அடுத்தடுத்த நொடியில் எடுத்த இரண்டு சட்டகங்கள் இதில் ஒன்றாகிவிடும். ஒன்றில் கண் மூடியவர் மற்றதில் கண் திறந்திருப்பார். ஒன்றில் இருக்கும் நபர் மற்றதில் விலகிப் போயிருப்பார். இதைவிட மோசம் பின்பக்க ஸ்கேன்கள். வெளிறிய தாளில் ஓரமாக இரண்டு வரிப் பென்சில் எழுத்து; 72 புள்ளியாகச் சுருக்கினால் எல்லாப் பின்பக்கமும் ஒரே வெற்றுத் தாளாகத் தெரியும். ஆயிரம் பின்பக்கங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கச் சொல்லி அந்தப் பட்டியல் வரும். அழிபவை உங்கள் தொகுப்பின் முதல் நிலைச் சான்றுகள்.

மாதிரியை மாற்றும் நாளும் வரும். ஒரு மாதிரி தந்த வெக்டரை இன்னொரு மாதிரி தந்ததோடு ஒப்பிட முடியாது. இரண்டிலும் 512 எண்கள் இருந்தாலும் அவை வேறு வேறு வெளிகள். பாதித் தொகுப்பு பழையதிலும் மீதி புதியதிலும் இருந்தால் விடைகள் அர்த்தமற்றுப் போகும். மாற்றினால் மூலக் கோப்பிலிருந்து அத்தனையையும் மறுபடி கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தபின் சென்ற ஆண்டு ஒருவர் கண்ட வரிசை இந்த ஆண்டு வராது. ஆய்வேட்டில் அவர் எழுதிய தேடல் வழியை யாரும் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. ஆள் எழுதிய விவரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. திருத்தப்பட்டாலும் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்று எழுதி வைக்கலாம்.

இந்த முடிவுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் மதிப்பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் படத் தேடல் ஆய்வுகள் கோரல் படத் தொகுப்பை வைத்து மதிப்பெண் போட்டன. அதிலிருந்து எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறோம் என்பதை மாற்றினாலே மதிப்பெண் ஏறும் இறங்கும் என்று 2002இல் முல்லர் குழுவினர் காட்டினார்கள். 2007இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு கட்டடத் தொகுப்பில் 5,062 படம், 55 கேள்வி. 2018இல் அதை மீண்டும் சோதித்தவர்கள் விடைக்குறிப்பிலேயே தவறுகளைக் கண்டு திருத்தினார்கள். திருத்திக் கடினமாக்கியதும் அதுவரை உச்சத்தில் இருந்த எண்கள் இறங்கின. பொதுத் தொகுப்பில் எடுத்த மதிப்பெண் உங்கள் படங்களைப் பற்றி ஏதும் சொல்லாது.

உங்களுக்கு வேண்டிய சோதனையைச் செய்ய மூன்று பேர், சில வாரங்கள் போதும். விசாரணை மேசைக்கு உண்மையாக வந்த கேள்விகளிலிருந்து 150 எடுங்கள். பெயர் கேட்டவை, பொருள்வகை கேட்டவை, மனநிலையோ கருத்தோ கேட்டவை என்று பிரியுங்கள். தொகுப்பில் இல்லவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த 15 கேள்விகளைச் சேருங்கள். கட்டத் தேடல், வெக்டர் தேடல், இரண்டையும் கலந்தது என்று மூன்று வழியிலும் ஓட்டி, ஒவ்வொன்றின் முதல் 20 விடையையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குங்கள். எது எந்த வழியில் வந்தது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது. இருவர் தனித்தனியே பொருந்தும், பொருந்தாது என்று குறிக்கட்டும். முரண்பட்டவற்றை மூன்றாமவர் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் தனித்தனியே கணக்குப் போடுங்கள். ஒட்டுமொத்தச் சராசரி மட்டும் போட்டால், மனநிலைக் கேள்வியில் வெக்டர் பெற்ற வெற்றி பெயர்க் கேள்வியில் அதன் தோல்வியை மூடிவிடும். நாங்கள் பார்த்தவரை இரண்டையும் கலந்த வழியே முன்னே நிற்கிறது. இரு வரிசையிலும் ஒரு படம் பெற்ற இடத்தை வைத்து, இடத்தோடு 60ஐக் கூட்டி, அந்த எண்ணால் 1ஐ வகுத்து, இரண்டு விடைகளையும் கூட்டி வரிசைப்படுத்தும் எளிய முறையே பெரும்பாலும் போதுமானது.

மனிதர்களுக்கு இயந்திரம் ஒட்டும் குறிச்சொற்களைப் பற்றி இரண்டே வரி. இணையத்தில் அள்ளிய படங்களில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பயிற்சி கொடுத்ததன் விலை வெளியே வந்தாயிற்று: இழிசொற்கள் குறிச்சொற்களாக இருந்ததால் 8 கோடிப் படங்கள் கொண்ட டைனி இமேஜஸ் தொகுப்பை எம்ஐடி 2020இல் திரும்பப் பெற்றது, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்களுக்கான இணைப்புகள் இருப்பதாக 2023 டிசம்பரில் தெரியவந்ததும் லயான்-5பி என்ற பயிற்சித் தொகுப்பு இணையத்திலிருந்து விலக்கப்பட்டது. அப்படிப்பட்ட மூலத்தில் பயின்ற கருவி ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துத் தொழிலையும் இனத்தையும் குற்றத்தையும் ஊகித்து உங்கள் பெயரில் எழுதி வைக்க நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

ஆள் செலவு தாங்கவில்லை என்பது உங்கள் பக்கத்து நியாயம். அதைத் தள்ளிவிட முடியாது. விவரம் எழுதப்படாமல் கிடக்கும் படங்களின் எண்ணிக்கை எங்களுக்கும் தெரியும். அதற்கு வழி இயந்திரத்தை விவரம் எழுதுபவரின் கையில் கொடுப்பது. ஒத்த படங்களை அது குவித்துக் காட்டினால், ஒரே நிகழ்ச்சியின் 40 சட்டகங்களுக்கு ஒரே தடவையில் இடமும் நாளும் எழுதிவிடலாம். பொதுமக்களின் உதவியும் உண்டு. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஃப்ளிக்கரில் சுமார் 3,000 படங்களைத் திறந்து வைத்தபோது, பார்த்தவர்கள் இடங்களையும் ஆட்களையும் அடையாளம் சொன்னார்கள். நூலகர்கள் சரிபார்த்துப் பட்டியலைத் திருத்தினார்கள். அப்படிச் சொல்வதை எழுதிவைக்கவும் ஒரு கட்டம் வேண்டும், சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

நீக்கிய தேடல் கட்டங்களைப் பொதுமக்கள் பக்கத்தில் மீண்டும் வையுங்கள். வெக்டர் தேடல் அவற்றோடு சேர்ந்து இயங்கட்டும். எந்த விடை குறிப்பால் வந்தது, எது உருவ ஒப்புமையால் வந்தது என்று ஒவ்வொரு படத்தின் கீழும் தெரியட்டும். குறிப்பில் ஏதும் பொருந்தாதபோது 'குறிப்புகளில் இல்லை; உருவத்தால் ஒத்தவை கீழே' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பழைய விவரத் தரவுத்தளத்தை முழுவதுமாக, மாற்றாமல், எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) போட்டு, குறைந்தது இரண்டு இடங்களில் வைத்தபிறகே இடமாற்ற வேலையைத் தொடங்குங்கள். தொடங்கிவிட்டீர்கள் என்றால் அதுவரை நிறுத்தி வையுங்கள். ஐயத் தேதிகளை உறுதித் தேதிகளாக்காதீர்கள்.

இயந்திரம் தரும் குறிச்சொல்லுக்குத் தனிக் கட்டம் கொடுங்கள். மாதிரியின் பெயர், பதிப்பு, நாள், மதிப்பெண் ஆகியவை அதனோடு இருக்க வேண்டும். ஆள் எழுதியதன் மேல் அது ஒருபோதும் ஏறக் கூடாது. முக ஒப்பீட்டை அணைத்து வையுங்கள். மனிதரை வகைப்படுத்தும் குறிச்சொற்களை ஆள் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

பிரதி என்று இயந்திரம் சொல்வதை அழிக்காமல் ஒன்றோடொன்று இணைத்து மட்டும் வையுங்கள். பின்பக்க ஸ்கேன்களை அந்தச் சோதனையிலிருந்தே விலக்குங்கள். இணையப் பிரதிகளில் ஐபிடிசி விவரங்களை உரிக்காமல் விடுங்கள்.

மேலே சொன்ன 150 கேள்விச் சோதனையை நடத்தி, கேள்வி வகைவாரியான முடிவுகளையும் விடைக்குறிப்பையும் வெளியிடுங்கள். மாதிரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே சோதனையை மறுபடி நடத்துங்கள்.

விவரம் எழுதும் பணியிடங்களை நீக்கும் உத்தரவை, இந்தச் சோதனையின் முடிவு வெளியாகும்வரை நிறுத்தி வையுங்கள். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை உங்கள் தளத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
படங்களுக்கு விவரம் எழுதுபவர்களும் படத் தேடல் கட்டுபவர்களும்